பாதி சீரம்

போன வாரம் என் மருமகள் புதிதாக ஒரு தவா வாங்கி வந்தாள். அதில் எதுவும் ஒட்டாதாம். தோசை வார்த்தால் தானாக வழுக்கிக்கொண்டு தட்டுக்கு வந்துவிடுகிறது. அவள் பெருமையாகச் சாய்த்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இளவயதில் ஒரு மாதம் முழுக்க, எதுவாவது ஒட்டித் தொலையாதா என்று அழாத குறையாகத் திரிந்தவள் நான்.

எண்பதுகளின் நடுவில் செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தில் பெண்கள் என்றால் பேங்க், இல்லாவிட்டால் டைப்பிஸ்ட். நான் மட்டும் செல் வளர்க்கப் போனேன். என்ன வேலை என்று அம்மா கேட்டபோது, "கண்ணாடி பாட்டில்ல மருந்து விட்டு நோட்டுல எழுதற வேலைம்மா" என்று சொல்லிவைத்தேன். பொய்யில்லை. பாட்டிலில் என்ன விடுகிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அம்மாவிடம் போய்ச் சொல்லப் போவதில்லை. உடம்பிலிருந்து எடுத்த செல்கள் வெறும் கண்ணாடியில் சரியாக ஒட்டாது. ஒவ்வொரு செல்லின் மேலும் சில புரதங்கள் கைகளைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துச் செல்லைப் பிடிக்க ஒருவகைக் கை, தரையைப் பிடிக்க இன்னொரு வகை. தரையைப் பிடிக்கும் கைக்குப் பிடிமானமாக அங்கேயும் ஒரு புரதம் படிந்திருக்க வேண்டும். அந்தப் படிவைத் தருவது சீரம், அதாவது கன்றுக்குட்டியின் ரத்தத்தில் சிவப்பெல்லாம் போக எஞ்சும் தெளிந்த நீர். பிடிமானம் கிடைத்தால் செல் காலைப் பரப்பி உட்கார்ந்து பெருகும். கிடைக்காவிட்டால் உருண்டையாக மிதந்து செத்துப்போகும்.

பாலக்காட்டு வழிவந்த வீட்டுப் பெண்ணுக்குக் கன்றுக்குட்டி ரத்தம். முதல் நாள் அந்த வாடை மூக்கில் ஏறியதும் வீடு திரும்பும் வடாலா பஸ்ஸில்கூட அது என்னை விடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பிப்பெட் என்ற உறிஞ்சு குழாயில் எடுப்பேன். முழங்கை வரை கழுவுவேன். வீட்டுக்குப் போனதும் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் கால் வைப்பேன். பெண்ணுக்கு வேலைக்குப் போயும் ஆசாரம் போகவில்லை என்று அம்மா எதிர்வீட்டு மாமியிடம் சொல்லிப் பூரித்துப்போனாள்.

ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில் கழுவும் அறை இருந்தது. நீராவியும் சோப்பு நெடியுமாக ஒரு பெரிய ஹோட்டலின் சமையல்கட்டு மாதிரி இருக்கும். அங்கே பாட்டில் கழுவியவள் மைமூன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தாராவியில் வீடு. கணவர் தோல் பட்டறையில் பை தைக்கிறவர், அந்த வருஷம் முதுகு பிடித்துக்கொண்டு படுத்த படுக்கை. அவளும் நானும் ஒரே வயது, இருந்தாலும் என்னை யக்கா என்பாள். மத்தியானம் அந்த அறை பெஞ்சில்தான் இருவரும் சாப்பிடுவோம். என் தயிர்சாதத்தைப் பார்த்து, "தெனமும் இதத்தான் திங்கியளா, நாக்கு செத்துப் போவாதா?" என்று கேட்பாள். எலுமிச்சை ஊறுகாயை மட்டும் விடமாட்டாள்.

நான் வந்த நாளிலிருந்து என் பாட்டில்களில் செல்கள் ஒட்டவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் உருண்டை உருண்டையாக மிதக்கும். எங்கள் தலைவர், டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம், கோபம் வந்தால் மராத்தியும் வராமல் வெறும் மூச்சு விடுகிற மனிதர். அவர் என் நோட்டைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சோப்பு போகவில்லை, அதனால்தான் ஒட்டவில்லை என்று முடிவு கட்டினார். அடுத்த திங்கட்கிழமை முதல் கழுவ வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டார்.

 அன்று மைமூன் ஒவ்வொரு பாட்டிலையும் ஏழெட்டுத் தடவை அலசினாள்.

நடுவில் ஒரு நாள் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக நான் லீவு போட்டேன். என் வேலையை வேறு பிரிவில் வேலை பார்த்த பையன் வந்து செய்தான். மறுநாள் காலையில் பார்த்தால் அவன் போட்ட பாட்டில்களில் செல்கள் தரையோடு தரையாக, கை கோர்த்துக்கொண்டு படுத்திருந்தன. புதிதாக அலசியது பலித்தது என்றார் டாக்டர். நான் போய் அடுக்கைப் பார்த்தேன். பாட்டில்களை இரண்டு அடுக்காக வைத்திருந்தோம். அவன் எடுத்தது ஒரு வாரத்துக்கு முன் கழுவிய அடுக்கிலிருந்து.

அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. அவன் நூற்றுக்குப் பத்துப் பங்கு சீரம் விட்டான். நான் நோட்டில் பத்து என்று எழுதிவிட்டு, வாடை தாங்காமல், ஐந்துதான் விட்டுக்கொண்டிருந்தேன். போதும் போதும் என்று பாட்டிலை மூடிவிடுவேன். இதில் இன்னொன்றும் உண்டு. செல்களை ஒரு பாட்டிலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, டிரிப்சின் என்ற திரவத்தை விட்டு அந்தக் கைகளை வெட்டிவிடுவோம். அதன் வேகத்தை அடக்குவதும் சீரம்தான். நான் பாதி விட்டதால் டிரிப்சின் வெட்டிக்கொண்டே இருந்தது, தரையிலும் பிடிமானம் இல்லை. பாவம், அவை என்ன செய்யும்?

தெரிந்தது புதன்கிழமை. சொன்னது வெள்ளிக்கிழமை. என் வேலை தற்காலிகம், நோட்டில் பொய் எழுதினால் அன்றே அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் அடுத்து ஜாதகக் கட்டைத்தான் அம்மா எடுப்பாள். அந்த இரண்டு நாளும் மைமூன் எதிரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது, சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் மூச்சு மட்டும் விட்டார். பிறகு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, முப்பது பக்கத்திலும் பத்தை அடித்து ஐந்து என்று என்னையே எழுத வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார். அனுப்பவில்லை. மைமூனையும் மாற்றவில்லை.

அடுத்த வாரம் என் பாட்டிலிலும் செல்கள் ஒட்டின. மைமூனைக் கூட்டி வந்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். நான்கு வருஷமாகப் பாட்டில் கழுவியவள், உள்ளே வளர்வதை அன்றுதான் பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. அப்படியே இருந்தபடி கேட்டாள்.

"டாக்டர்ட்ட போய்ச் சொன்னியளாமே யக்கா."

"ரெண்டு நாள் சொல்லாம இருந்துட்டேன் மைமூன். உன் மேல பழி விழறதுன்னு தெரிஞ்சும் இருந்துட்டேன்."

"தெரியும். சீரம் பாட்டிலையும் நாந்தான கழுவுதேன். முன்ன வாரத்துக்கு ரெண்டு காலியாகி வரும். நீங்க வந்தபெறவு ஒண்ணுதான் வந்திச்சு."

"அப்போ நீயே சொல்லியிருக்கலாமே."

"நாஞ் சொன்னா, கழுவுதவ தன் தப்ப அடுத்தவ தலையில போடுதான்னு ஆயிரும். நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன்."

நான் அங்கே இருந்த மிச்ச வருஷங்களில் என் கை ஒரு சொட்டுக்கூடக் குறைத்ததில்லை. அந்த நாட்களை நினைத்தால் நிறைவாகத்தான் இருக்கிறது. பிறகு மைமூன் குடும்பம் ஊருக்குப் போனது, நான் கல்யாணமாகிப் புனே போனேன். சில வருஷங்களுக்கு முன் அந்த ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது எல்லாம் ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக், சீரம் பாட்டில் உட்பட. கழுவும் அறையை இடித்துவிட்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சின்னப் பெண், அந்தக் காலத்து என் வயது இருக்கும், தனியாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் எவ்வளவு சீரம் விடுகிறாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளே சொல்வாள் என்று காத்திருக்க அங்கே யாரும் இல்லை.