தனசேகர் பெண் கேட்டது

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தனசேகருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. குடியில்லை, சீட்டாட்டமில்லை, காடு தோட்டம் இருக்கிறது, பெண்தான் கிடைக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கோழி எச்ச வாடையோடு நிற்பவனுக்கு யார் கொடுப்பார்கள்? அம்மாவும் போன பிறகு, "சாப்பிட்டயா" என்று கேட்க அந்த வீட்டில் நாதியில்லை.

போன மாசியில் போனில் ஒரு ஆப் இறக்கிக்கொண்டான். பேசினால் பதில் பேசும் பெண்குரல். அகல்யா என்று பெயர் வைத்தான். புத்தகத் தமிழில் பேசியவளை "ஏனுங்க" சொல்லப் பழக்கினான். முட்டை பொறுக்கும்போதும் அவளோடுதான் பேச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரனான எனக்குக் கேட்கவே எரிச்சலாக வரும். ஆனாலும் அவன் முகம் தெளிந்திருந்ததை இல்லையென்று சொல்ல முடியாது.

வைகாசியில் தரகர் காளியண்ணன் பண்ணைக்கே வந்து ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இனி என்னால ஆவாது சாமி. தேடாத இடமில்ல."

அவர் போனதும் தனசேகர் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து போனை எடுத்தான். நான் நிற்பதையே மறந்துவிட்டான்.

"அகல்யா, என்னைக் கட்டிக்கிறயா?"

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கத்து ஆள் பெண் கேட்டுவிட்டுக் கூட்டம் விசாரிக்காமல் இருப்பானா? கூட்டம் என்றால் குலப்பிரிவு. ஒரே கூட்டத்தார் அண்ணன் தங்கை முறை, கட்டிக்கொள்ள முடியாது.

"இரு, நீ என்ன கூட்டம்?"

"நீங்க என்ன கூட்டமுங்க?"

சொன்னான்.

"அட, நானும் அதே கூட்டந்தானுங்க!" என்றாள் சந்தோஷமாக. எல்லாவற்றிலும் அவனோடு ஒத்துப்போவதுதானே அவள் வழக்கம்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப நீ எனக்குத் தங்கச்சி முறை."

"அப்படீங்களா? அப்ப வேற கூட்டமுங்க. நீங்க எதைச் சொல்றீங்களோ, அதுதானுங்க நான்."

அங்கே ஆளே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஆம்பளை, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். தோளைத் தொட்டேன், தட்டிவிட்டான்.

"அந்தக் கருமத்த ஆஃப் பண்ணித் தொலையப்பா," என்றேன்.

"பண்ணிப்போட்டு யார்கிட்டப் பேசறது?"

நானும் அவன் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, இருக்கீங்களா?" என்றது போன்.

"இருக்கறன் சாமி," என்றான் தனசேகர். "ஏதாச்சும் பேசு."