பள்ளத்துக்கு அந்தப்பக்கம் யாரும் இல்லை

மானியத்தில் பாதை போடுகிறவனுக்கு மண்வெட்டி தேய்வதைவிடப் பேனா தேய்வதுதான் அதிகம். அரசாங்கப் பாரத்தில் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பிவிட்டு வருடக்கணக்கில் அலைந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். தொண்ணூறுகளில், கோயமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்து யூனியன் ஆபீஸ் ஒன்றில் நான் ஓவர்சியர்.

ஒரு கட்டம்

மலைமேல் பதினோரு குடிசைகள் இருந்தன. கீழே இறங்க ஒற்றையடித் தடம்தான். நடுவில் ஒரு பள்ளம். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். ஊர்ப்பாதைத் திட்டத்தில் கேட்டால் ஆள்தொகை போதாது என்று திருப்பிவிடுவார்கள். அந்த வருடம் சுற்றுலா நடைபாதைக்கு மானியம் வந்தது, மலை பார்க்க வருகிறவர்கள் நடப்பதற்காக. எனக்கு மூளை வேலை செய்தது. அந்தப் பெயரில் பாதை போட்டால் குடிசைக்காரர்களும் நடந்துவிட்டுப் போகட்டுமே!

பாரத்தில் ‘பாதையில் குடியிருப்பு உண்டா?’ என்று ஒரு கட்டம். உண்டு என்றால் கோப்பு மறுபடி ஊர்ப்பாதைக்கே போய்ப் படுத்துக்கொள்ளும். பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். ஹெட்கிளார்க் பழனிச்சாமி அண்ணன் எட்டிப் பார்த்து வழி சொன்னார்.

“இல்லைன்னு எழுதிப்போடுங்க தம்பி. எவன் மலையேறி வந்து தலையெண்ணப் போறான்?”

பெஞ்சு

மானியம் கிடைத்தது. திட்டப்படி பாதை ‘காட்சிமுனை’யில் முடிய வேண்டும். காட்சிமுனையோ பள்ளத்துக்கு இந்தப்பக்கம். கல் பாவி, வளைவுகளில் கம்பி வைத்து, முனையில் ஒரு கல்பெஞ்சும் போட்டோம். கல் சுமந்தவன் மேலே இருந்து வந்த ரங்கன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி மருதாளும் கூடவே மண் அள்ளினாள்.

வேலை முடிந்த அன்று அவளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பள்ளத்தைக் காட்டி, அதன்மேல் பாலம் எப்போது என்று கேட்டாள். அடுத்த மானியத்தில் கட்டாயம் என்றேன்.

“அப்பச் சரிங்க சார். நீங்க சொன்னாப் போதுமுங்க.”

திரும்பி வந்தது

அடுத்த வருடம் நடைபாலம் கேட்டு எழுதினேன். இந்தத் தடவை பதினோரு குடிசை என்று உள்ளதை உள்ளபடியே எழுதினேன். மூன்றே மாதத்தில் கோப்பு திரும்பியது. முந்தைய விண்ணப்பத்தின்படி அங்கே குடியிருப்பு இல்லையாம். நான் நிரப்பிய பழைய பாரத்தின் நகலையே பின் குத்தி அனுப்பியிருந்தார்கள்.

கோயமுத்தூருக்கு பஸ் ஏறி மேலாபீசில் போய் நின்றேன். ஆள் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன் என்று கெஞ்சினேன். அங்கிருந்த அதிகாரி கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்.

“முன்னாடி எழுதினது பொய்னு எழுதிக் குடுங்க, பாலம் தாரேன். ஆனா உங்க வேலை போயிருமுங்க, பாத்துக்கோங்க.”

ஐப்பசி

எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு பெண் குழந்தைகள், வாடகை வீடு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் காரணமா கிடைக்காது?

அந்த ஐப்பசியில் மருதாளுக்குப் பிரசவ வலி எடுத்தது. விடிந்ததிலிருந்து மழை, பள்ளம் நிறைந்து ஓடியது. கம்பளியில் தூளி கட்டி அவளைத் தூக்கி வந்தவர்கள் தண்ணீர் வடியட்டும் என்று அக்கரையிலேயே நின்றார்கள். மதியத்துக்கு மேல்தான் தாண்ட முடிந்தது. காட்சிமுனையில், பெஞ்சின்மேல் அவளைக் கிடத்தினார்கள். அங்கிருந்து கீழே என் பாதை நன்றாகத்தான் இருந்தது. வழுக்காத கல், பிடித்துக்கொள்ளக் கம்பி. இறங்குவதற்கு அவளிடம் உயிர் இல்லை. வயிற்றில் இருந்த பிள்ளையும் போய்விட்டது.

துக்கம் கேட்கப் போன இடத்தில் ரங்கனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டம், நான் எழுதிய ‘இல்லை’, மேலாபீசில் வாயை மூடிக்கொண்டு திரும்பியது, எல்லாமே. அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவன் ஒன்றே ஒன்று கேட்டான். எனக்குத் தெரிந்து யாரும் என்னை இவ்வளவு பலமாக அடித்ததில்லை.

“அப்ப அந்தப் பேப்பர்ல மருதா மொதல்லயே இல்லீங்களா சார்?”

ஒரு புகார்

பாதையைப் பராமரிக்க ஒரு ஆளைப் போடலாம் என்று உத்தரவு வந்தபோது ரங்கனையே போட்டேன். சருகு கூட்டுவான். பெயர்ந்த கல்லைப் பதிப்பான். என்னைப் பார்த்தால் வணக்கம் வைப்பான், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டான்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு நடக்க வரும் பெரியவர் ஒருவர் ஒருநாள் ஆபீசுக்கே வந்தார். நல்ல மனிதர். பாதையை வாயாரப் புகழ்ந்துவிட்டுத்தான் குறையைச் சொன்னார்.

“எல்லாம் சுத்தமா வெச்சிருக்கீங்க. ஆனா ஏனுங்க, நான் எப்ப வந்தாலும் அந்த ஆளு பெஞ்சைக் கழுவி ஊத்திப்போடறானுங்க, ஈரத்துல உட்காரவே முடியறதில்லீங்க.”

நான் போட்ட பாதைக்கு வருடாவருடம் பராமரிப்பு வேண்டியிருக்கிறது. நான் எழுதிய அந்த ‘இல்லை’ மட்டும் எந்தப் பராமரிப்பும் கேட்காமல் கோப்பில் இன்றும் உறுதியாக நிற்கிறது.