விமானத்தில் கேட்ட அரோகரா

விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றதும், வெளிநாடு ஒன்றின் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். என் ஆங்கிலம் அவர்களுக்குப் பாதிதான் புரியும். ஆனால் குண்டு குறியில் விழுந்ததும் நான் கத்தும் "அரோகரா!"வை மட்டும் உடனே பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் வரிசையில் நின்றபோது, பழைய மாணவன் ஒருவன் தன் விமானத்திலிருந்து எடுத்த வீடியோ அனுப்பினான். அவன் நாட்டுச் சந்தை ஒன்றில் ஜனங்கள் சிதறி ஓடினார்கள். குண்டு விழுந்தது. சிரித்துக்கொண்டே அவன், "அரோகரா!" என்று கத்தினான்.

எட்டிப் பார்த்த என் மைத்துனன், "பாவா, நம்ம முருகன் பேரைச் சொல்லிகினு அடிக்கிறான் பாருங்க!" என்று பூரித்தான்.

வீடியோவை அணைத்தேன். அந்த மாணவனைவிட, அன்று நான் பட்ட பெருமைதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

சன்னதியில் திரை விலகியதும் மலையே அரோகரா போட்டது. என் வாய் மட்டும் திறக்கவில்லை.