மலையில் தோயாத போடி மோர்

கல்யாணமாகி, போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் குடிபோனபோது, உறை ஊற்ற அம்மா வீட்டு மோரைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோனேன். ஒரு வாரமாகியும் பால் தோயவே இல்லை.

"பால்ல இம்புட்டுத் தண்ணிய ஊத்தியா கொண்டாறீக? இனிமே வராதீக!" என்று மலையாளத்துப் பால்காரம்மா ஏலியாம்மாவை விரட்டிவிட்டேன்.

மறுநாளும் வந்தார். அதே பால், கூடவே ஒரு கிண்ணம் மோர். "உங்க ஊரு மோருக்கு இந்தக் குளிரு பழக்கமில்ல, மோளே. எங்க மோர ஊத்திப் பாரு."

விடிந்து பார்த்தால் தயிர் கட்டியாக உறைந்திருந்தது. பால் மாறவில்லை, சட்டி மாறவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குளிர் பழகுவதற்கு மோருக்கு உயிரா இருக்கிறது?

சித்திரையில் மலைத் தயிரைப் போடிக்குக் கொண்டுபோய் உறை ஊற்றினேன். அந்த வெக்கையில் தண்ணீர் பிரிந்து, திரிதிரியாகக் கிடந்தது.

"பால்காரன் ஏமாத்திட்டான்டி" என்றாள் அம்மா.

"பாலக் குத்தம் சொல்லாதம்மா" என்றேன் வெரசாக. ஏனென்று கேட்டாள். ஏலியாம்மாவை விரட்டியதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.