மணி அடித்தால் அசையாத பெருமாள்

பெருமாள் அண்ணன் தங்கமான மனுஷன். ஆனால் அவரோடு ரயிலில் போக ரொம்பப் பொறுமை வேண்டும். அது எனக்குக் கிடையாது.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷாஃப்டில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கிப் பாறைக்குத் துளை போட்டவர்கள் நாங்கள். குடியிருந்ததோ ரயிலேறிப் போகும் தூரத்தில், பவுரிங்பேட்டையில். சுரங்கத்தை ஒட்டிய கம்பெனி லைன் வீடுகளின் புழுதியில் அவர் பெண்சாதி கிருஷ்ணம்மா இருமி இருமித் துரும்பாகிவிட்டார் என்றுதான் அண்ணன் அங்கே குடிபோனார். தினமும் பொழுது சாய்வதற்குள் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும் அவருக்கு. பிள்ளை குட்டி கிடையாது, ஒருவருக்கு ஒருவர்தான்.

1903இல் ரயில்காரர்கள் ஒரு அணா டிக்கெட்டை ஒன்றரை அணா ஆக்கினார்கள். போகவர மூன்றணா. எங்கள் ஒரு நாள் கூலியே எட்டணா.

“கேஜில அரை மைல் கீழ எறக்குறான், காலணா கேக்கறானா? தரை மேல போறதுக்கு இவனுக்கு இன்னா இவ்ளோ கொழுப்பு?” என்றேன்.

“வுடு, ஏனோக்கு. வழி பாக்கலாம்,” என்று என்னை அடக்கினார் அண்ணன்.

வழியை நான்தான் பார்த்தேன். காலையில் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, ஊரிகம் வரைக்கும் ஒரு அணாவுக்கு டிக்கெட் எடுத்து, அங்கிருந்து சுரங்கத்துக்கு நடப்பது. முதல் நாள் ஊரிகத்தில் கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கினேன். திரும்பினால் அண்ணனைக் காணோம். ஸ்டேஷன் மணி அடித்தது. பெட்டிக்குள் பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எறங்குண்ணே!” என்று கத்தினேன். அவர் அசையவில்லை. ரயில் போய்விட்டது.

தப்பு அவருடையது இல்லை. கேஜில் மணி அடித்துவிட்டால் எவனும் கையைக் காலை நீட்டக்கூடாது. நீட்டினவன் கையைப் பாறை கொண்டுபோய்விடும். பதினோரு வருஷம் அதில் ஏறி இறங்கிய உடம்பு அவருடையது. அடுத்த ஸ்டேஷனில் மிச்ச அரையணாவோடு அபராதமும் கட்டினார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் நானே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மணி அடித்ததும் இந்த மனுஷன் என்னையும் சேர்த்துப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அபராதம் இரண்டு பேருக்கும்.

ஊரிகம் யோசனையைத் தலைமுழுகினோம். காலையில் ஒன்றரை அணா கொடுத்து ரயில்; மூன்று மணிக்கு ஷிப்ட் விட்டதும் நடை. ஒன்பது மைல். ஒரே வாரத்தில் அண்ணனின் கால் வீங்கிப்போனது.

“இனிமே லைன்லயே படுத்துக்கறேன், சனிக்கெழமைதான் வருவேன்னு அவகிட்ட சொல்லிட்டேன்,” என்றார் ஒரு நாள், நடந்துகொண்டே. “இன்னிக்குத்தான் கடைசி நடை.”

“அண்ணி இன்னா சொன்னாங்க?”

“எந்தப் பாதையில நடந்து வரீங்கன்னு மட்டும் கேட்டா.” வீங்கின காலை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

நாலு மைல் நடந்திருப்போம். பாதையோரப் புளியமரத்தடியில் ஒரு பொம்பிளை நின்றிருந்தார். கிருஷ்ணம்மா. கையில் சோற்றுத் தூக்கும் தண்ணீர்ச் செம்பும்.

அண்ணன் பதறிப்போனார். “இருமலை வெச்சிக்கிட்டு இவ்ளோ தூரம் நடந்தியா? நீ வந்துட்டா மட்டும் என் தூரம் கொறைஞ்சிடுமா?”

“கொறையாம இன்னா? வூட்டுக்குத்தானே வரீங்க,” என்றார் அண்ணி, தூக்கைத் திறந்துகொண்டே. “வந்தாச்சு, உக்காருங்க.”