எத்தனை பிளாட்பாரம் என்று கேட்டார் அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் வந்துவிட்டது. எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. போன் அடித்தால் அவர்தானோ என்று ஓடுகிறேன்.

அப்பா ஐயம்பேட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, காஞ்சிபுரத்துக்கு வந்து கூலித் தறியில் உட்கார்ந்தார். பிறகு சொந்தத் தறி போட்டு, என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். யாரிடமும் கடிந்து பேசாதவர் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். பொல்லாத கோபக்காரர். ஆனால் ரயில் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், முகமே மாறிவிடும்.

நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் அச்சான ரயில் வழியெல்லாம் அவர் சொன்னதுதான். "செங்கல்பட்டுல எறங்கி வேற டிக்கெட் எடுக்காதீங்கபா. போற ஊருக்கே ஒரே டிக்கெட்டா எடுங்க, கொறையும்" என்பார். "நம்ம ஊருல ரெண்டு ஸ்டேஷன் இருக்குது. ரெண்டுலயும் தூங்கிட்டா அடுத்த ஸ்டேஷன் திருமால்பூர்தான்" என்று தறியில் இருந்தபடியே கேலி செய்வார். எந்த ஊர்க்காரர் வந்தாலும், பெயரைக் கேட்பதற்கு முன்னால் அந்த ஊர் ஸ்டேஷனில் எத்தனை பிளாட்பாரம் என்றுதான் கேட்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

நான் என் விருப்பப்படி திருமணம் செய்துகொண்டு சீர்காழிப் பக்கம் போனபோது அப்பா பேச்சை நிறுத்தினார். ஆறு வருடம். பேத்தி பிறந்தபோதும் வரவில்லை. நானும் அவர் மகள்தானே, இறங்கிப் போகவில்லை.

போன மாதம் ஒருநாள் அவரிடமிருந்து போன் வந்தது. ஓடிப் போய் எடுத்தேன்.

"நான்தாம்மா. உங்க ஊரு ஸ்டேஷன்ல எத்தினி பிளாட்பாரம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை இல்லை. குழந்தை எப்படி என்று இல்லை. "ஆறு வருஷம் கழிச்சு கேக்கறதுக்கு இதுதான் கெடைச்சுதாப்பா? போய் வேற யார்கிட்டயாவது கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் தம்பி அழைத்தான். காலையில் காஞ்சிபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார். வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்ததாம். பையில் மந்தாரை இலையில் கட்டிய கோயில் இட்லி. சட்டைப் பையில் எங்கள் ஊருக்கு ஒரே டிக்கெட்.

அந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொல்லக்கூடாதுன்னாருமா. போய் வாசல்ல நிக்கிறேன், என்னா பண்றா பாக்கலாம்னாரு. முட்டி வலில அவரால படி ஏற முடியலமா. உங்க ஊருல ரெண்டாவது பிளாட்பாரத்துல வண்டி நின்னுட்டா மேல ஏறி எறங்கணுமேன்னு பயந்துக்கினு இருந்தாரு. அதுக்குத்தான் உன்னாண்ட கேட்டாரு."

அன்று நான் எண்ணிக்கையைச் சொல்லியிருந்தால், வண்டி எதில் நிற்கும் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். இதை என்னால் தாங்க முடியவில்லை. பாவி நான்.

அப்பாவைப் பெஞ்சில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்த ஸ்டேஷன் ஊழியர்களுக்கும், காசு வாங்காமல் மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்ற செவிலிமேடு ஷேர் ஆட்டோக்காரருக்கும், பத்து நாளும் அடுப்பு பற்ற வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த எங்கள் தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் கணவருக்கும் ஒரு நன்றி இருக்கிறது. அப்பா ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசாத மருமகன் அவர். நான் கேட்டுக்கொண்டதற்காக, அப்பா செங்கல்பட்டில் மாறி வரவிருந்த அதே வண்டி வரும் நேரத்தில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் மூன்று நாள் போய் நின்று பார்த்துச் சொன்னார்.

அப்பா, ரெண்டு பிளாட்பாரம். உங்கள் வண்டி மூன்று நாளும் ஒன்றாவதில்தான் நின்றது. இறங்கினால் நேரே வாசல். படி ஏற வேண்டாம்.