கோகோ அணியின் மருந்துப் பெட்டி

எனக்கு ஓட வராது. ஆனாலும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கோகோ அணியில் சேர்ந்தேன். நர்ஸிங்கில் இடம் கிடைக்காமல் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். மறுபடி விண்ணப்பிக்கும்போது ஏதாவது அனுபவம் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உடற்கல்வி மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் அலமாரியைத் திறந்து, சிவப்புக் கூட்டல் குறி போட்ட தகரப் பெட்டி ஒன்றை என் கையில் வைத்தார்.

"தினமும் அஞ்சு மணிக்கு கிரவுண்டுல இருக்கணும். லேட்டா வந்தா பெட்டிய வச்சிட்டுப் போய்டு."

பெட்டியில் பஞ்சு, டிங்சர், பிளாஸ்திரி, துவைத்துத் துவைத்து இழுவை போன இரண்டு க்ரேப் பேண்டேஜ். கணுக்கால் சுளுக்கும், தோல் உரிந்த முட்டியும்தான் அதிகம். ஐஸ் வேண்டுமென்றால் குச்சி ஐஸ் கம்பெனிக்கு ஓடி, மரத்தூள் ஒட்டிய கட்டியைச் சாக்கில் சுற்றி வாங்கி வருவேன். முதல் மாதம் நான் கட்டிய கட்டெல்லாம் பத்து நிமிடத்தில் அவிழ்ந்து விழுந்தது.

அதைப் பார்த்துத்தான் மேடம் எனக்கு ஓர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பகுதியில் சனிக்கிழமைகளில் நிற்க அனுமதி வாங்கித் தந்தார். நோயாளிகளைப் பிடித்துக்கொள்வது, வெந்நீர் ஒத்தடத்துக்குத் துணி பிழிவது என் வேலை. அங்கே ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் கைப்பயிற்சிக்கு வருவார். சுண்ணாம்புத் தொட்டி ஓரம் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டதில் ஒரு கை விளங்காமல் போனவர். அவர் மனைவி ஒருநாள் சொன்னார்: "அன்னிக்கு அவரா எழுந்து நடந்துதாம்மா வந்தாரு. சோறும் துன்னாரு. 'இன்னிக்கு இன்னா கெழம'ன்னு கேட்டதயே கேட்டுனு இருந்தாரு. வெளாட்றாருன்னு நெனச்சிட்டேன்."

அந்த வருடம் அரையிறுதி ஆட்டம் அரக்கோணத்தில் நடந்தது. காட்பாடியில் ரயிலேறிப் போனோம். எங்கள் கேப்டன் வாலாஜாபேட்டைப் பெண், மூன்றாம் ஆண்டு. அவளுக்கு அதுதான் கடைசிப் போட்டி. இடைவேளைக்குச் சற்று முன்னால், ஓடுகிறவளைத் தொடப் பாய்ந்தவள் மரக்கம்பத்தில் நெற்றியை இடித்துக்கொண்டாள். சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்த வேகத்தில் எழுந்து சிரித்தாள். நெற்றி வீங்கியிருந்தது, ரத்தம் இல்லை. உட்காரவைத்து ஐஸ் வைத்தேன்.

"டாஸ் நாமளா கெலிச்சோம்?" என்றாள்.

"ஆமாக்கா. நீங்கதான போனீங்க."

தலையாட்டினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு அதே குரலில், "டாஸ் நாமளா கெலிச்சோம்?" என்றாள்.

மேடத்திடம் ஓடினேன். "மேடம், அக்கா ஆட வேணாம். கேட்டதயே கேக்கறாங்க."

"நல்லாத்தான இருக்கா? நீ என்ன டாக்டரா?" மேடம் பலகையில் இருந்த புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்ல மேடம். ஆனா ஆட வேணாம்."

விசில் ஊதியது. கேப்டன் எழுந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "விட்றீ" என்று உதறினாள். விடவில்லை. நடுவர் எங்களிடம் வந்தார். "தலையில அடி சார், இவங்களால ஆட முடியாது" என்று அவரிடமே சொல்லிவிட்டேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான் என்று நினைத்தேன். பிறகு மேடமே மாற்று ஆட்டக்காரியை அனுப்பினார்.

இரண்டு புள்ளியில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து கூட்டிப்போனபோது, பக்கத்துத் தெரு டாக்டர் டார்ச் அடித்துக் கேப்டனின் கண்களைப் பார்த்தார். பேர், ஊர் கேட்டார். சரியாகச் சொன்னாள். "ஒண்ணுமில்ல, ரெஸ்ட் எடுக்கட்டும். வாந்தி வந்தா மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வெளியே வந்ததும் ஒருத்தி என் காதுபடவே, "ஒண்ணுமில்லாததுக்குத் தோத்தோம்" என்றாள்.

திரும்பும் ரயிலில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. சோளிங்கர் தாண்டியதும் கேப்டன் ஜன்னலிலிருந்து திரும்பி, "மேட்ச் எப்ப ஆரம்பிக்குது மேடம்?" என்றாள். மேடம் எழுந்துபோய் அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். காட்பாடி வந்ததும் ஹாஸ்டலுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

கேப்டனுக்கு அந்த ஆட்டத்தின் பாதி கடைசிவரை ஞாபகம் வரவில்லை. நான் கையைப் பிடித்தது மட்டும் ஞாபகம் இருந்தது. "என் கடைசி மேட்ச்சுடீ அது" என்றாள் ஒருமுறை, மெஸ் வரிசையில். அதற்குப் பிறகு பேசவில்லை. பரீட்சை முடிந்து ஊருக்குப் போய்விட்டாள்.

அரக்கோணம் போய்வந்த அடுத்த வாரம், மருந்துப் பெட்டியில் மேடம் வாங்கிப் போட்ட நான்கு புது க்ரேப் பேண்டேஜ் இருந்தது.

விலங்கியல் முடித்து, நர்ஸிங்குக்குப் பதிலாகப் பிசியோதெரபி படிக்க நேர்முகத்துக்குப் போனபோது, "முன்அனுபவம் உண்டா?" என்றார்கள். கட்டுப் போடுவேன், ஐஸ் வைப்பேன், ஒத்தடம் கொடுப்பேன் என்றேன். அரக்கோணத்தைச் சொல்லவில்லை. அதை அனுபவமென்று எப்படிச் சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.